காசிப் பெரியப்பாவும் கங்கைகொண்ட ராஜாவும்

எங்கள் குடும்பத்தில் காசிக்குப் போய் வந்தவர் என்று இருந்தது பெரியப்பா ஒருவர்தான். 1987 ஆடி மாசத்தில் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு யாத்திரை பஸ் ஏறினார். பஸ்ஸுக்கு மேலே அண்டா, குண்டான், ஸ்டவ், அரிசி மூட்டை. உள்ளே கும்பகோணத்துப் பக்கத்து ஆட்கள் ஐம்பது பேர். ஜெயங்கொண்டத்திலிருந்து இவர்கள் இரண்டு பேர்தான். இருபத்திரண்டு நாள் கழித்து நாலு ரோட்டில் வந்து இறங்கியபோது முகத்தில் தாடி, கழுத்தில் ருத்திராட்சம், கையில் ஈயம் வைத்து அடைத்த சின்னச் செப்புச் சொம்பு. அதுவரை ஊரில் அவருக்கு 'முந்திரிக்கொட்டை ஏவாரி' என்று பெயர். மறுநாளிலிருந்து காசிக்காரர். எங்களுக்குக் காசிப் பெரியப்பா.

தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கதையைக் கேட்போம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்களிடம் ஊரெல்லாம் 'கங்கா ஸ்நானம் ஆச்சா' என்று கேட்கும். பெரியப்பாவிடம் யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தது. "எங்களுக்கெல்லாம் எப்பவோ ஆச்சு" என்று ஆரம்பித்தால் இட்லி ஆறிப்போகும். ஆனால் அந்தக் கதையில் ஒரு விசேஷம். பூரி எப்படி இருந்தது? "கூட்டம்." கயா? "வெயில்." காசி? "பெரிய்ய ஊரு." கங்கை? "சில்லுனு இருந்துச்சு." ஊருக்கு ஒரு சொல்தான். ராஜமுந்திரிக்கு வந்தால் மட்டும் மனுஷன் மடை திறந்துவிடுவார். கோதாவரிப் பாலத்தில் மேலே பஸ் போகும், கீழே ரயில் போகும். சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் ரெண்டும் தெரியும். ஆவக்காய் ஊறுகாயைச் சோற்றில் எப்படிப் பிசைய வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுக்குள் எதிரேறி வரும் புலசா மீனுக்கு என்ன விலை. காசிக்குப் போகிறவர் மீன் விலை எதற்கு விசாரித்தார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. கதை ராஜமுந்திரியைத் தாண்டும் சமயம் பார்த்துப் பெரியம்மா அடுப்படிக்குப் போய்விடுவார்.

காசிக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது சாஸ்திரம். பெரியப்பா பாகற்காயை விட்டார். அதற்கு முன்னும் அவர் அதைத் தொட்டதில்லை.

இவரைச் சொல்லிக் குற்றமில்லை, மண்வாகு அப்படி. எங்கள் ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஜெயங்கொண்டம். இங்கிருந்து பத்து கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். சுற்றுவட்டாரம் முழுக்கக் 'கொண்ட' கதைதான். கொடுத்த கதைக்கு இந்தப் பக்கம் ஊர்ப் பெயர் வைக்கிற வழக்கம் இல்லை. அந்த ஊரைக் கட்டிய முதலாம் ராஜேந்திரனுக்கு முடிகொண்டான், கங்கைகொண்டான், கடாரம்கொண்டான் என்று பட்டங்கள். ஒரு மனிதன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் எதையாவது கொண்டு வந்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தமிழில் பயணக் கதை இந்த ராஜா காலத்தில் ஆரம்பித்ததல்ல. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வழியில் வற்றிப்போன வயிற்றோடு எதிரே வரும் இன்னொருத்தனை மறித்து, இந்தப் பக்கமாகப் போ, இன்ன ஊரில் இன்னது தருவார்கள், அந்த மேட்டில் பார்த்து நட என்று வழி சொல்லுகிற இலக்கியம். எழுதியவர்கள் பசித்தவர்கள். ஆகவே கோட்டை கொத்தளத்தைவிடச் சாப்பாடு நன்றாக வந்திருக்கும். வேடன் வீட்டில் என்ன, உழவன் வீட்டில் என்ன, நெய்தல் நிலத்தில் என்ன மீன் என்று இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே போவார்கள். பொருநராற்றுப்படைக்காரர் கரிகாலன் வீட்டில் கறி தின்று தின்று பல்லே மழுங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பயணம் போனவன் சொல்கிற முதல் உண்மை வயிற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படித்தால் இதற்கு நேர் எதிர். போளூர்ப் பக்கம் திருமலைக் கல்வெட்டிலும் தஞ்சாவூர்க் கல்வெட்டிலும் கங்கைப் பயணம் வரிசையாகப் பொறித்திருக்கிறது. சக்கரக்கோட்டம், ஒட்டர் தேசம், கோசல நாடு, தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், உத்தரலாடம், கடைசியில் கங்கை. காவிரிக் கரையிலிருந்து கங்கைக் கரை வரைக்கும் ஒரு பெரும்படை நடந்திருக்கிறது. அத்தனை பேரும் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. எங்கே தூங்கினார்கள், எத்தனை பேருக்குக் காலில் கொப்புளம், யாருக்கு வயிற்றாலை, ஒட்டர் தேசத்தில் பழைய சோறு கேட்டால் என்ன கொடுத்தார்கள், ஒன்றும் கிடையாது. பெரியப்பா மாதிரியே ஊருக்கு ஒரு அடைமொழி, அடுத்த ஊர்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அசல் பயணி வாய் திறக்கிறான். வங்காள தேசத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே மழை நிற்பதே இல்லை என்று ஒரு போடு. அந்த நாட்டு ராஜா கோவிந்தசந்திரன் யானையை விட்டு இறங்கி ஓடினான் என்பதற்குப் பக்கத்திலேயே இந்த வானிலை அறிக்கை. வீரத்தைப் பாட வந்த புலவர் மழையை எதற்கு எடுத்தார்? போய்த் திரும்பிய சிப்பாய் எவனோ அவர் காதில் புலம்பியிருக்கிறான் என்பது என் ஊகம். நம்ம பக்கத்து மண் செம்மண், மானாவாரி. மழை பெய்தால் கொண்டாடுவோம், அதுவும் அரை மணி நேரம். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து போனவன், துணி காயாமல், தலை காயாமல், வில் நாண் தொளதொளத்து, கேடயத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் நின்றிருக்கிறான். திரும்பி வந்ததும் புலவர் கேட்டிருப்பார்: "வங்காளத்தில் என்னப்பா கண்டாய்?" "மழைங்க." "அதைக் கேட்கவில்லை, பகைவர் எப்படி?" "பகைவர் எங்கங்க தெரிஞ்சாங்க, ஒரே மழை." புலவருக்கு வேறு சரக்கு இல்லை. எழுதிவிட்டார். ஆயிரம் வருஷம் கழித்து, அந்த மெய்க்கீர்த்தியில் நம்பும்படியாக இருப்பது அந்த மழை ஒன்றுதான்.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இன்னும் தாராளம். 31 ஏடுகள், கனத்த வளையத்தில் கோத்தவை. 1905-இல் வெளியே வந்தன. சமஸ்கிருதத்தில் எழுதிய பகுதியில் படை ஆறுகளைக் கடந்த விதம் வருகிறது. யானைகளை வரிசையாக ஆற்றுக்குள் நிறுத்தி, அதையே பாலமாக்கி அதன் மேல் ஏறிப் போனார்களாம். படிக்க அழகாக இருக்கிறது. நடு ஆற்றில் நின்ற மூணாவது யானையின் பாகனைக் கேட்டிருந்தால் வேறு கதை வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஆத்துப்பாலம் வேலை ஒன்று ஆரம்பித்தால் எத்தனை வருஷம் இழுக்கும் என்று தெரிந்தவனுக்கு யானைப் பாலத்தின் அருமை புரியும்.

அடுத்து அந்தப் பிரபலமான காட்சி. தோற்ற ராஜாக்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிச் சோழ நாட்டுக்குக் கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வரலாற்று வாத்தியார் இந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். நாங்களும் எழுந்து நிற்போம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி போன்ற ஆட்கள் மட்டும் இதைப் புலவரின் அலங்காரமாக இருக்கலாம் என்று உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேறு சந்தேகம். ராஜா என்கிறவன் பிறந்ததிலிருந்து குடம் தூக்கிப் பழகாதவன். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தளும்பாமல் நடக்கிற வித்தை தெரிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பொம்பளைகள். ஒரு ராஜாவை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் குடத்தோடு நடக்க விட்டால், ஊர் வந்து சேரும்போது குடத்தில் மிஞ்சுவது உள்ளங்கை ஈரம்தான்.

இதெல்லாம் போகட்டும். செப்பேட்டில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் வேறு. கங்கைக்குப் போனது ராஜேந்திரன் இல்லை. போனது அவனுடைய தண்டநாயகன். ராஜா பாதி வழியில் நின்றுவிட்டான். சேனாபதி வடக்கே போய், அத்தனை பேரையும் ஜெயித்து, தண்ணீரை மொண்டுகொண்டு திரும்பி வருகிற வரைக்கும் சோழ சக்கரவர்த்தி காத்திருந்து குடத்தை வாங்கிக்கொண்ட இடம் கோதாவரிக் கரை.

கங்கையைக் கண்ணால் பார்க்காமலே கங்கைகொண்டான்! ஊருக்கு அந்தப் பெயர், கோயிலுக்கு அந்தப் பெயர், ஏரிக்கு அந்தப் பெயர், 250 வருஷம் சோழ ராஜ்ஜியத்தின் தலைநகருக்கே அந்தப் பெயர். போய் வந்த தண்டநாயகன் பெயரில் எங்கள் பக்கம் ஒரு தெரு கூட இல்லை.

இதைப் படித்த அன்று ஒரே குஷியில் பெரியப்பாவிடம் ஓடினேன். அவருக்குப் பழைய கதை என்றால் உயிர். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' அட்டை கிழியக் கிழியப் படித்தவர். "பெரியப்பா, ஒரு கூத்து தெரியுமா? ராஜேந்திரன் காசிப் பக்கமே போகல. கோதாவரியிலேயே குந்திக்கிட்டான்!" சிரிப்பார் என்று பார்த்தேன். முகம் சுண்டிப்போனது.

"அதனால என்னாடா இப்ப?" என்றார்.

"இல்ல, போகாமலே போனதா..."

"ராஜான்னா எல்லா எடத்துக்கும் அவரே போவணுமா? ஒடம்பு முடியாம இருந்திருக்கும். வெளியூரு சாப்பாடு ஒத்துக்காம இருந்திருக்கும். கோதாவரிக்கு என்னா பேரு தெரியுமா? தட்சிண கங்கை. அதுவும் கங்கைதான். போ, போய்ப் படிக்கிற வேலையப் பாரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பெரியம்மா அடுப்படியில் ஏனத்தைக் கொஞ்சம் பலமாகக் கழுவினார். ஒரு மனிதர் ராஜேந்திர சோழனுக்காக இவ்வளவு உணர்ச்சிவசப்படுவாரா என்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போனது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் காசிக்குப் பாதி வழி போவது தப்பே இல்லை. சில கல்யாணங்களில் மாப்பிள்ளையே காசி யாத்திரை கிளம்புகிறானே. குடை, விசிறி, கைத்தடி, புதுச் செருப்பு, மடியில் புத்தகம். தெருமுனை வரைக்கும் போவான். பெண்ணின் அப்பா வழிமறித்து, 'காசி எதற்கு, என் பெண் இருக்கிறாள்' என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். திரும்பி வந்தவனுக்குக் காசிக்குப் போன மரியாதை உண்டு. தெருமுனையில் திரும்பினவனுக்கே இவ்வளவு என்றால், கோதாவரி வரைக்கும் போனவனை எதில் சேர்ப்பது? அதுவும் முடியாதவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலேயே வாரணவாசி என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுத்து ஒன்றிரண்டுதான் வித்தியாசம். அங்கே கங்கை கிடையாது, புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் முழுக்கக் கடலாக இருந்தபோது செத்துப்போன நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சோழன் கடல் கடந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே கடல் எங்களைத் தேடி வந்து, தங்கி, திரும்பிப் போயிருக்கிறது. அது ஒரு மெய்க்கீர்த்தியும் வெட்டவில்லை.

சரி, கொண்டு வந்த தண்ணீரை ராஜா என்ன செய்தான்? இங்கேதான் அவன் பெரியப்பாவைவிடப் பல படி மேலே. சொம்பைச் சாமி மாடத்தில் வைக்கவில்லை. ஒரு ஏரியையே வெட்டி, அதில் ஊற்றி, சோழகங்கம் என்று பெயர் வைத்தான். தண்ணீராலேயே கட்டிய வெற்றித் தூண் என்கிற பொருளில் செப்பேடு அதைப் பாடுகிறது. வெற்றித் தூண் என்றால் எல்லா ராஜாவும் கல்லில் நடுவான். இவன் நட்டது நெல் விளைய வைத்தது. கரை 16 மைல் நீளம் இருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. இப்போது அதற்குப் பொன்னேரி என்று பெயர்; முக்கால்வாசி மாதம் ஆடு மேய்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கங்கையில் குளித்தேன் என்று சொன்னால் 'எங்கே காட்டு' என்று ஒருத்தன் கேட்கலாம். எங்கள் ராஜாவிடம் கேட்க முடியாது. கங்கையையே வீட்டுக்குப் பின்னால் கொண்டு வந்து வைத்துவிட்டான். பயணக் கதைக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு எவன் காட்டியிருக்கிறான்?

அத்தாட்சி இத்தோடும் நிற்கவில்லை. ஊர் சுற்றியவன் வீட்டுக் கண்ணாடி அலமாரி எப்படி இருக்கும்? ஆக்ராவில் வாங்கின தாஜ்மகால், கன்னியாகுமரிச் சங்கு, பழனி விபூதி டப்பா. கங்கைகொண்ட சோழபுரமும் அப்படித்தான். கோயிலுக்குள் ஒரே கல்லில் தாமரையும் சுற்றி நவக்கிரகமுமாகச் சாளுக்கிய பாணியில் ஒரு சூரிய பீடம். பக்கத்தில் செங்கமேட்டில் கலிங்கத்துச் செம்மணற்கல்லில் காளியும் பைரவரும். காளிக்கு ஒட்டர் தேசத்து முகம். செங்கமேட்டு ஆட்கள் ஆயிரம் வருஷமாகத் தமிழில் வேண்டிக்கொள்கிறார்கள். அவளும் மொழி பழகியிருப்பாள். அந்தச் சிலைகள் எழுத வேண்டிய பயணக் கட்டுரை ஒன்று பாக்கியிருக்கிறது. அதில் 'கொண்டான்' என்கிற வினைச்சொல் வேறு மாதிரி ஒலிக்கும்.

கடாரத்துக் கதை இன்னும் ரசமானது. 1006-இல் கடாரத்து ராஜா நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு புத்தர் கோயில் கட்டுகிறான். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்கிற கிராமத்தை எழுதி வைக்கிறான். மகன் அதைச் செப்பேட்டில் உறுதிப்படுத்துகிறான். அதாவது இரண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லாத குறைதான், அவ்வளவு நெருக்கம். 1025 வாக்கில் அதே மகன் கப்பல் கப்பலாக ஆளை ஏற்றிப் போய்க் கடாரத்து ராஜா சங்கிராம விசயோத்துங்கவர்மனையே பிடித்துவிட்டான். மணிகள் பதித்த வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்டது. ஏன் சண்டை என்று மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. வியாபாரத் தகராறு என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மொய் வைத்தவன் வீட்டிலேயே கதவைக் கழற்றினால் காரணம் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

அந்தக் கடல் பட்டியலில் பதின்மூணு ஊர். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம் என்று போய் மாநக்கவாரம், கடாரத்தில் முடியும். இங்கேயும் ஊருக்கு ஒரு அடைமொழிதான். ஒன்றுக்கு ஆழ்கடல் அகழி, ஒன்றுக்கு மதில், ஒன்றுக்குப் படித்தவர்கள் புகழ்கிற பெருமை, நிக்கோபாருக்குத் தேன் சொட்டும் சோலை. இந்தக் காலத்தில் பேக்கேஜ் டூர் நோட்டீஸ் அடிக்கிறவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடல் நோய் வந்து கப்பல் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவனைப் பற்றி மூச்சில்லை. கல்வெட்டுக்கு வாந்தி வராது.

பின்னாளில் எங்கள் ஆட்கள் கடாரத்துக்கு மறுபடியும் போனார்கள். இந்த முறை கங்காணி கூட்டிக்கொண்டு போனார், பால்மரம் வெட்ட. ஊர்ப் பெயர் கெடா என்று மாறியிருந்தது. அவர்கள் எவருக்கும் கடாரம்கொண்டான் என்று பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே என்ன சாப்பிட்டார்கள், அட்டை எங்கெங்கே கடித்தது, எந்தத் துரை எப்படி ஏசினான் என்று அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அச்சுப்பிசகாமல் தெரியும்.

ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே போனவர்களும் உண்டு. சோழ நாட்டுத் தூது கோஷ்டி ஒன்று 1015-இல் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்ததை அந்த நாட்டுச் சுங் வம்சக் குறிப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. போய்ச் சேர 1150 நாள். மூணு வருஷத்துக்கும் மேல், ஒரு வழிக்கு மட்டும். அனுப்பி வைத்த ராஜராஜன் இவர்கள் சக்கரவர்த்தி முன்னால் முத்தைக் கொட்டிக் குசலம் விசாரித்தபோது உயிரோடு இல்லை, 1014-இலேயே காலமாகிவிட்டான். 'எங்க ராஜா உங்களை ரொம்ப விசாரிச்சார்' என்று இவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே கருமாதி முடிந்து வருஷமாகப் போகிறது. எவ்வளவு நல்ல கதை! நம் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. சீனாக்காரன் எழுதி வைத்ததால் தெரிகிறது. கொண்டு வந்தது பெரிதாக ஒன்றும் இல்லை என்றால் நாம் கல்லைச் செலவழிப்பதில்லை.

வீராசாமி என்கிற தெலுங்கர் 1830-இல் சென்னையிலிருந்து பல்லக்கில் காசிக்குக் கிளம்பி அடுத்த வருஷம் திரும்பினார். எந்த ஊரில் கடை உண்டு, எங்கே தண்ணீர் வாய்க்கும் என்று நின்ற இடமெல்லாம் எழுதினார். ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காக உலகம் பூராவும் சுற்றினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்று புத்தகம் போட்டார். அதில் தமிழன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு அடக்கம். பெரியப்பாவிடம் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மனுசன் என்னத்த கொண்டாந்தாருன்னே சொல்லலியே?"

எங்கள் கோயிலும் ஒரு பயணம் போனது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட வந்த ஆங்கிலேயப் பொறியாளர்களுக்குக் கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருச்சுற்று மதில் கண்ணில் பட்டது. சிற்பம், தூண், சுவர் என்று பெயர்த்து வண்டி ஏற்றினார்கள். ஊர் ஆட்கள் முடிந்தமட்டும் தடுத்தார்கள், நடக்கவில்லை. பதிலுக்குச் செங்கல்லில் சுவர் கட்டித் தருவோம் என்று சொன்ன வாக்கு இன்னும் அப்படியே புதிதாக இருக்கிறது. கலிங்கத்திலிருந்தும் சாளுக்கிய தேசத்திலிருந்தும் கல்லைக் கொண்டு வந்த ஊரிலிருந்து வெள்ளைக்காரன் கல்லைக் கொண்டு போனான். அவன் பாஷையில் அவனும் ஒரு கொண்டான்தான். அணைக்கரைப் பாலத்தைப் பஸ் தாண்டும்போதெல்லாம் பெரியப்பா கீழே பார்த்துக் கும்பிடுவார். "நம்ம கோயிலு உள்ள நிக்குதுடா" என்பார்.

மெய்க்கீர்த்தி போகப்போக வளரும். ஆட்சியின் தொடக்கத்தில் நாலைந்து ஊர்தான். வருஷம் ஏற ஏறக் கங்கை சேரும், 14-ஆம் ஆண்டில் கடாரம் சேரும். பெரியப்பாவின் காசியும் வளர்ந்தது. 1990-இல் கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். 2000-த்தில் கழுத்தளவு. 2010 வாக்கில் நீந்தி அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினார். கும்பகோணத்துக்காரர் ஒருத்தரைக் காப்பாற்றவும் செய்தார். ராஜமுந்திரி மட்டும் முதல் வருஷம் சொன்னது போலவே இருந்தது. அதே திண்ணை, அதே பாலம், அதே ஆவக்காய்.

2025 ஆடித் திருவாதிரையில் கோயிலில் பெரிய விழா. கடல் தாண்டி ஆயிரம் வருஷம் என்று பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். ஜெயங்கொண்டம் சாலையெல்லாம் கொடி. பெரியப்பா அப்போது படுக்கையில். டி.வி.யில் பார்த்தார். கங்கைத் தண்ணீரோடு சாமி கும்பிட்டதைக் காட்டினபோது லேசாகச் சிரித்தார்.

மார்கழியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். சொந்தபந்தம் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே ஞாபகம், அந்தச் சொம்பு. முப்பத்தெட்டு வருஷம் சாமி மாடத்தில் விபூதியும் குங்குமமும் அப்பி உட்கார்ந்திருந்ததை இறக்கினோம். அண்ணன் திருப்புளியால் ஈயத்தை நெம்பினான். உள்ளே பச்சைப் பாசம் பிடித்த செம்பு மட்டும் இருந்தது. தண்ணீர் எப்போதோ காற்றோடு போயிருந்தது. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

கூடத்தில் அழுகை நின்று குசுகுசுப்பு. காசிக்காரர் கங்கைத் தண்ணீர் இல்லாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? எனக்குத்தான் பளிச்சென்று தோன்றியது. "பொன்னேரில இந்த வருசம் தண்ணி கெடக்கு. ராஜேந்திரன் ஊத்துன கங்கைதானே அது?" யாரும் மறுக்கவில்லை. செப்பேட்டு ஆதாரம் இருக்கிற தண்ணீர். அண்ணன் பைக்கை எடுத்தான். முக்கால் மணி நேரத்தில் கலங்கலாக ஒரு பாட்டில் வந்தது. வேட்டித் துணியில் வடிகட்டிச் செப்புச் சொம்பிலேயே ஊற்றினோம், பழைய பாசத்தின் மேலேயே.

பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து பாலாடையில் எடுத்து வாயில் விட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மறுபடியும் விட்டார். பெரியப்பா நாக்கைச் சப்புக்கொட்டினார். ஒரு கண் திறந்தது. அந்தக் கண் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் வந்து நின்றது.

"இது..." என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "இது கோதாவரித் தண்ணில்ல?"

கூடம் கப்பென்று அடங்கியது. பெரியம்மா முந்தானையால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த பாலாடையை நிரப்பினார்.

"பேசாம முழுங்குங்க. இதுதான் கங்கை."